இடுப்பு செய்த குற்றம், முழங்கால் பட்ட பாடு

போடிக்குப் போகிற ரயில் தண்டவாளத்தை உலகச் சண்டைக்கு வேண்டுமென்று சர்க்கார் பெயர்த்துக்கொண்டு போன வருஷம்தான் என் வீட்டுக்காரருக்கு வலது முழங்காலில் வலி வந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். தண்டவாளம் போனதைப் பற்றி ஊரில் நாலைந்து நாள் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். இவர் முழங்காலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் தண்ணிக்குப் போனால், "உங்க வீட்டு முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். முழங்காலுக்கு ஒரு கால்கட்டுப் போட்டு நானே கூட்டி வந்து குடித்தனம் பண்ணுகிற மாதிரி.

அப்படி என்ன ராசா வீட்டு முழங்கால் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் பங்காளிகளுக்கு ஒரு கருப்பசாமி உண்டு. சாமியின் உடுப்பு, சலங்கை, அரிவாள் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் ஊருக்குள்ளே இருக்கும். மாசிச் சிவராத்திரி அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கம்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்குகிற உரிமை மூத்த வீட்டு ஆம்பளைக்கு. வலது தோளில் பெட்டி, வலது கையால் அணைப்பு. இடது கை சும்மா தொங்க வேண்டும். அது கழுவுகிற கை, சாமி சாமான் எதிலும் படக்கூடாது. வழியில் பெட்டியை இறக்கக்கூடாது, அடுத்தவன் தாங்கிப் பிடிக்கக்கூடாது. இறக்கினாலோ பிடித்தாலோ உரிமை அந்த நிமிஷமே இளைய வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பி வராது.

மூத்த வீடு நாங்கள். வருஷம் பூராவும் சோளக்காட்டில் குனிந்தே கிடக்கிற மனுஷன், அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து நடப்பார். என்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் அந்த நடையைப் பார்க்க எனக்கு அம்புட்டு ஆசை.

இளைய வீடு அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. மாட்டுத் தரகு பார்க்கிற ஆள். பெட்டிக்கு முன்னால் சாமியின் வேல்கம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவர் வேலை. எனக்கும் அந்த ஆளுக்கும் ஆகவே ஆகாது. எங்களுக்கு ஒரு காளையைப் பிடித்துக் கொடுத்தார், "தங்கம் மதினி, தங்கம்" என்று. அந்தத் தங்கம் ஏர் பூட்டினால் நாலு சால் உழும், அப்புறம் நடுக்காட்டில் படுத்துக்கொண்டு அசை போடும். கேட்டதற்கு, "அதுக்கு உங்க மேல நம்பிக்கை வரணும் மதினி" என்றார். அன்றிலிருந்து நான் அந்த மூஞ்சியைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்படி இருக்கையில்தான் முழங்கால் வலி. முதலில் காட்டிலிருந்து வந்து உட்காரும்போது 'ஸ்ஸ்' என்றார். அப்புறம் எழுந்திருக்கும்போதும் 'ஸ்ஸ்'. அப்புறம் நடை சாய்ந்துவிட்டது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு மொத்தமும் வலது பக்கம் சாயும், இடது காலை ஊன்றினால் நேராகும். தெருப் பிள்ளைகள் அவருக்குப் பின்னாலேயே வரிசையாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து போகும். நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

மாசிக்குள் நடை சரியாக வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குக் கவலை. வலி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பெட்டி போய்விடக்கூடாது.

கட்டுப் போடுகிறவர் ஒருத்தர் வந்தார். முழங்காலை அமுக்கினார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "முட்டிக்குள்ள நீர் கோத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். காலை மடக்கக்கூடாது என்று உத்தரவு. இவர் வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உளுந்து வாசனைக்கு எறும்பு வரும். முட்டை வாசனைக்கு நாய் வரும். அவர் தூங்கும்போது நாய் வந்து கட்டை நக்கும். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று, இதெல்லாம் தன் முட்டைதான் என்று தெரிந்த மாதிரி, எதிரே நின்று முறைத்துக்கொண்டே இருக்கும். கட்டைப் பிரித்த அன்றைக்கு முழங்கால் வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி இருந்தது. எழுந்து நடந்தார். அதே சாய்வு.

கொழுந்தன் வந்து பார்த்தார். மாட்டைப் பார்க்கிற மாதிரியே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "அண்ணே, இது முட்டிதான். மாடா இருந்தா ரெண்டு சூடு இழுத்து விட்டுறலாம்" என்றார்.

"மாடா இருந்தா உன் தலையில கட்டிருப்போம்" என்றேன் நான்.

"மதினிக்கு இன்னும் கோவம் போகல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? அண்ணன் கால் ஒடிந்தால் தனக்குப் பெட்டி வரும் என்கிற சிரிப்பு, வேறென்ன!

அடுத்தது என் மாமியார். அவர் எனக்கு அத்தையும்கூட, என் அப்பாவோடு பிறந்தவர். உடம்பில் எந்த இடம் நோகிறதோ அந்த இடத்தை மண்ணில் செய்து அய்யனார் கோயிலில் வைப்பதாக நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கண் நோவுக்குக் கண், கை நோவுக்குக் கை. அத்தை மண்பானை, மண்சிலை செய்கிற வேளாரிடம் போய் ஒரு வலது முழங்கால் கேட்டார். முழங்காலை மட்டும் செய்தால் நிற்காது, உருண்டு போகும் என்று வேளார் பாதத்தோடு சேர்த்துச் செய்து, சுட்டு, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். நல்ல கால். இவர் காலைவிட அழகாகவே இருந்தது. கொட்டு வைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

தை பிறந்தது. சாய்வு கூடிப்போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மதுரையில் வடக்கு மாசி வீதியில் எலும்புக்குப் பார்க்கிற டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். "கெளம்புங்க" என்றேன். "முழங்காலுக்கு மதுரையா?" என்றார். "பெட்டிக்கு மதுரை" என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

பஸ் ஏறப் போனால் அங்கே கொழுந்தன் நிற்கிறார். "டவுன்ல உங்களுக்கு வழி தெரியாது மதினி. நானும் வாரேன்." வேவு பார்க்க வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டு போய் ஊரில் சொல்ல வேண்டுமே.

பெட்ரோலுக்குத் தட்டுப்பாடான காலம், பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடியது. பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிவிட்டு, அதற்குக் காற்று ஊதுகிற கைப்பிடியை ஒருத்தன் சுற்றிக்கொண்டே இருப்பான். மேடு வந்தால் வண்டி நின்றுவிடும், ஆம்பளைகள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். நாகமலைப் பக்கம் ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். இவரும் இறங்கினார். "நீங்க உக்காருங்க" என்றால் கேட்டால்தானே. மானப் பிரச்சினை. சாய்ந்து சாய்ந்து தள்ளினார், வண்டி நகர்ந்ததும் ஓடி ஏற முடியாமல் ரோட்டில் நின்றுவிட்டார். கொழுந்தன்தான் ஓட்டுநரைக் கத்தி நிறுத்தி, இவரை அலாக்காகத் தூக்கி உள்ளே போட்டார். அதற்காக இவர் மதுரைக் காளவாசல் சூளைப் புகை கண்ணில் படும் வரைக்கும் அவரோடு பேசவில்லை.

டாக்டர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, யார் மேலோ கோபமாக இருக்கிற மாதிரி இருந்தார். மேசையில் எலும்புகள் கிடந்தன. நிஜ எலும்பு. நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். இவர் மட்டும் அதைப் பார்த்து, "இது யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"யாரோ புண்ணியவான். நீ படு" என்றார் டாக்டர்.

முழங்காலை மடக்கினார், நீட்டினார். "வலிக்குதா?" "இல்லீங்க." தொடையைப் பிடித்து லேசாக உள்பக்கம் திருப்பினார். இவர் போட்ட சத்தத்தில் வீதியில் போன ஜட்கா வண்டி நின்றது என்று கொழுந்தன் ஊரில் போய்ச் சொன்னார். அது பொய். ஆனால் சத்தம் பெரிய சத்தம்தான்.

"இடுப்பைப் பார்க்கணும், வேட்டியை அவிழ்" என்றார் டாக்டர்.

"வலி முழங்கால்லங்க."

"தெரியுது. இடுப்பைக் காட்டு."

"முழங்கால் கீழ இருக்குதுங்க."

"முழங்கால் எங்க இருக்குன்னு நீ எனக்குச் சொல்றியா?"

இவர் வேட்டி முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு நர்சு நின்றது. பாவம், சின்னப்பிள்ளை, அதுவாகவே வெளியே போனது. அப்புறம் இவர் என்னையும் வெளியே போகச் சொன்னார். நான் இவர் பெண்டாட்டி! நானும் போனேன். அதோடு விட்டாரா? சுவரில் காலண்டரில் சரஸ்வதி படம் இருந்ததாம், அதையும் திருப்பி வைக்கச் சொன்னாராம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அவரே எழுந்துபோய்ச் சரஸ்வதியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாராம். உள்ளே இருந்தது கொழுந்தன் ஒருத்தர்தான், ஆகையால் இந்தச் சேதி உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் மேசையில் இருந்த எலும்பை எடுத்தார்.

"இதும்மா தொடை எலும்பு. உடம்பிலேயே பெரிசு. மேல பாரு, உருண்டையா ஒரு தலை. இந்தத் தலை இடுப்பெலும்புல இருக்கிற குழியில உக்காருது. ஆட்டுரல்ல குழவி உக்காருற மாதிரி. ரெண்டுக்கும் நடுவில வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கணும். உன் புருஷனுக்கு அது தேஞ்சுபோச்சு. எப்பவாவது விழுந்தானா?"

சின்ன வயதில், மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கமலையின் வடம் அறுந்து கிணற்று மேட்டில் விழுந்ததை இவர் சொன்னார்.

"அப்ப பட்டது. இப்ப காட்டுது."

"வலி முழங்கால்லங்க" என்றார் இவர் மறுபடியும். விடுகிற ஆளா?

"இடுப்புக்குப் போற நரம்புல ஒரு கிளை முழங்காலுக்கும் போகுது. இடுப்பு அழுதா மூளைக்கு யார் அழுதாங்கன்னு தெரியாது. முழங்கால்னு நெனச்சுக்கும். உன் முழங்கால் ஒரு தப்பும் பண்ணல."

இவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். அத்தனை மாசமாகக் கட்டுப் போட்டு, மாவு பூசி, நாய் நக்கவிட்டு, சாமியிடம் காட்டிக்கொடுத்த முழங்கால். மெதுவாக ஒரு தடவை தடவிக்கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கொழுந்தன் மேசையில் கிடந்த கீழ்க்கால் எலும்பை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ரெண்டு இருக்குங்களே. ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லி."

"தடிதான் பாரம் தாங்குது. ஒல்லி பக்கத்தில ஒட்டிக்கிட்டு இருக்கும். பாரத்துல அதுக்குப் பெரிசா பங்கில்ல."

"பாத்தியா," என்றார் இவர், அன்றைக்கு முதல் தடவையாகச் சந்தோஷமாக. "நம்ம வீடு மாதிரியேதான் வச்சிருக்கான் ஆண்டவன்." தூக்குகிறவன் ஒருத்தன், கூடவே கம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் ஒருத்தன் என்று அர்த்தம். எனக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது. கொழுந்தன் எலும்பை மெல்ல மேசையில் வைத்துவிட்டார்.

பிறகு அந்த ஆள் கேட்டார்: "மாசிக்குள்ள சரியாகுமாங்க?" எனக்குச் சுருக்கென்றது. கேட்பதைப் பார்!

"தேஞ்சது தேஞ்சதுதான். வலிக்கு மருந்து தாரேன். ஆனா நடக்க ஒரு வழி இருக்கு." டாக்டர் தன் கைத்தடியை எடுத்து இவரிடம் நீட்டினார். இவர் வலது கையில் வாங்கினார். "அந்தக் கை இல்ல. இடது."

"நோவு வலது காலுங்க."

"அதுக்குத்தான் இடது கை. வலது கால்ல நிக்கிறப்ப இடுப்பு இடது பக்கம் சரிஞ்சிராம, வலது பக்கத்துச் சதை இழுத்துப் பிடிக்குது. அந்த இழுப்பிலதான் எலும்போட உருண்டைத் தலை குழியில அழுந்துது. இடது கையில தடி ஊனினா அந்தச் சதைக்கு வேலை மிச்சம். பாரம் ஏதாச்சும் தூக்கினா வலது பக்கமே வச்சுக்கோ. இடது பக்கம் தூக்காதே."

இவர் நம்பாமலே இடது கையில் தடியை ஊன்றி வாசல் வரைக்கும் நடந்தார். சாய்வு இல்லை. நேராக, பழைய மனுஷன் மாதிரி நடந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கொழுந்தன் முகத்தைப் பார்த்தேன், அவர் கண் கொட்டாமல் இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இவருக்கு என்ன நினைப்பு வந்ததோ, தடியைச் சட்டென்று டாக்டரிடம் கொடுத்துவிட்டு, "இது ஆகாதுங்க. சாமி காரியம்" என்றார். மறுபடியும் சாய்ந்துகொண்டே வந்து பஸ் ஏறினார்.

ஊருக்கு வந்ததும் அத்தை ஒப்பாரி வைக்காத குறை. "அய்யய்யோ, முழங்கால்னு சொல்லிச் சாமிய ஏமாத்திட்டமே! அது வந்து முழங்காலப் பாத்திருக்கும். அங்க ஒண்ணுமில்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும்." உடனே வேளாரிடம் ஓடினார், இடுப்பு ஒன்று வேண்டும் என்று.

வேளார் திகைத்துவிட்டார். "கை செஞ்சிருக்கேன், காலு செஞ்சிருக்கேன், கண்ணு, காது, புள்ள எல்லாம் செஞ்சிருக்கேன். இடுப்ப மட்டும் தனியா யாரும் கேட்டதில்லையே ஆத்தா. எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்க?"

"தொப்புளுக்குக் கீழ ஆரம்பி. முழங்காலுக்கு மேல முடி. முழங்கால் வேண்டாம், ஏற்கெனவே குடுத்தாச்சு" என்றார் அத்தை.

வந்து சேர்ந்த சாமானை முன்பக்கம் பார்த்தால் பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. பின்பக்கம் பார்த்தால் ஒரு சந்தேகமும் இல்லை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். "இத ஊர் வழியா கொண்டு போகப் போறீங்களா?" என்றார். "நேந்துக்கிட்டா கொட்டு வச்சுத்தான் கொண்டுபோகணும்" என்றார் அத்தை. இவர் கம்பளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

நான் அதன் மேல் என் சேலை ஒன்றைப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டேன். முன்னால் கொட்டு. நடுத்தெருவில் காற்று ஒரு தூக்குத் தூக்கியது பாருங்கள், சேலை போய் வேலியில் மாட்டிக்கொண்டது. தெருவே வெளியே வந்து நிற்கிறது. "என்னத்தா அது?" என்று யாரோ கேட்க, அத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் மகன் இடுப்பு!" என்றார். கொழுந்தன் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை நான் அன்றைக்கு என்ன ஏசினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. மாசி பக்கத்தில் வந்துவிட்டது. இவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. நான் பங்காளிகளின் பெரிய தலைக்கட்டுக்காரரிடம் அத்தையைப் போகச் சொன்னேன். அந்தப் பெரியவர் பங்காளிகள் எல்லோரையும் கூட்டினார். "டாக்டர் சொல்லிருக்காக. இடது கைல ஒரு கம்பு ஊனிக்கிட்டா எம் மகன் நல்லா நடப்பான். அதுக்கு மட்டும் சம்மதம் குடுங்க" என்று அத்தை கேட்டார். பெரியவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். கம்பு ஊன்றினால் அது தாங்கல், தாங்கல் கூடாது. அதுவும் இடது கை என்றால் பேச்சே இல்லை. முடியாது என்றால் இப்போதே இளைய வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், அசிங்கம் இல்லை என்றார்.

"நான் தூக்குவேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

கொழுந்தன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் வீட்டில் இவர் நேராக நடந்ததைக் கண்ணால் பார்த்த ஆள். 'ஆமாம், நான் பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாயில் கொழுக்கட்டையா? தரையில் குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நீ நாசமாப் போக என்று மனசுக்குள் வைதேன்.

சிவராத்திரி அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் பெட்டி கிளம்பியது. குளித்து, ஈர வேட்டியோடு, இவர் பெட்டியை வலது தோளில் ஏற்றினார். உறுமி மேளம் முழங்கியது. முன்னால் கொழுந்தன் வேல்கம்போடு நடந்தார். பொம்பளைகள் நாங்கள் பின்னால். ஊர்த் தெரு வரைக்கும் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகத்தான் நடந்தார். சாய்வு தெரியக்கூடாது என்று எம்புட்டுப் பாடுபடுகிறார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஈரத்தோடு ஈரமாக வேர்வை ஓடியது.

கம்மாய்க்கரை ஏற்றம் வந்தது. பாதி ஏறினார். வலது காலை ஊன்றினார், கால் நிற்கவில்லை. உடம்பு மொத்தமும் சாய்ந்து, பெட்டி சரிந்து, எப்படியோ தோளைக் கொடுத்து நிறுத்திவிட்டார். அதற்கு மேல் அடி வைக்க முடியவில்லை. கால் வெடவெடவென்று ஆடுகிறது. உறுமிச் சத்தம் நின்றுபோனது. இளைய வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்துவிட்டார்கள், விழுந்தால் பிடிக்க. பிடித்தால் முடிந்தது. "கருப்பா, கருப்பா" என்று நான் கும்பிடுகிறேன்.

அப்போது முன்னால் ஒரு அலறல் கேட்டது. கொழுந்தன்! கண் செருகி, நாக்கைத் துருத்தி, வேல்கம்போடு ஒரு ஆள் உயரம் குதித்துத் திரும்பினார். அவர் மேல் சாமி வந்து யாரும் பார்த்ததே இல்லை. கையை நீட்டிக்கொண்டு வந்தவர்களை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"எட்டப் போங்கடா! எம் பெட்டியச் சொமக்கிறவன் வெறுங்கையோட நிக்கிறான். எவன்டா சொன்னது வெறுங்கையோட வரச் சொல்லி? இந்தாடா எம் புள்ள, எங் கம்பு. பிடி! இடது கையில பிடி!"

பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி... இடது கைங்க..." என்றார்.

"ரெண்டு கையும் நான் குடுத்ததுடா! சந்தையில மாட்டுக்குக் குறை சொல்ற மாதிரி எங்கிட்டயே கழிவு சொல்றியா?"

பெரியவர் பொத்தென்று தரையில் விழுந்து கும்பிட்டார். அவர் விழுந்ததும் எல்லோரும் விழுந்தார்கள். சாமி சொன்ன பிறகு யார் கேட்பது? கொழுந்தன் வேல்கம்பை இவர் இடது கையில் திணித்து, விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டார். இவர் ஊன்றினார். ஒரு அடி. இன்னொரு அடி. உறுமி கிளம்பியது. கரை மேல் ஏறி, நிமிர்ந்து, சாய்வே இல்லாமல் கோயில் வரைக்கும் நடந்தார். என்னைக் கட்டிக்கொண்ட நாளில் இல்லாத அந்தக் களை முகத்தில் இருந்தது. நான் ஓவென்று அழுதேன். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொழுந்தன் பெண்டாட்டியும் அழுதாள், அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குப் பெட்டி நின்ற சந்தோஷம் ஒரு ராத்திரிதான். விடிந்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இத்தன வருஷம் தூக்குறேன். ஒரு நாளாச்சும் எம் மேல வந்துச்சா? போயும் போயும் ஒரு தரகுப்பய மேலயா சாமி வரணும்?" என்று பொருமிக்கொண்டே இருந்தார். அவன் வாய் மாட்டு வியாபாரத்துக்குப் பொய் சொல்லுகிற வாய், அந்த வாயிலா கருப்பன் பேசுவது என்று. டாக்டர் சொன்ன இடது கையையே சாமியும் சொன்னதே, மாட்டுச் சந்தைப் பேச்சு வேறு. எனக்குள் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது.

மத்தியானம் கொழுந்தன் கம்பை வாங்கிக்கொண்டு போக வந்தார். உள்ளே வராமல் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். நான் கம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்யா, உண்மையைச் சொல்லு. நேத்து வந்தது சாமியா, நீயா?"

"சாமி வந்தா யாருக்கு மதினி நெனப்பிருக்கும்?"

"கூட்டத்துல நீ வாயத் தொறக்கல."

"தொறந்திருந்தா எம் பேச்ச யாரு கேட்டிருப்பா? நானே மாட்டுத் தரகன். என் வாய்க்கு ஊர்ல மதிப்பு ஏது? உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கம்பை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. கம்மாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெட்டி மேல எனக்கு ஆசை இல்லேன்னு நெனச்சுராதீங்க மதினி. சின்னப் பயலா இருக்கிறப்ப இருந்து ஆசைதான். நேத்து அந்த மேட்டுல, இன்னும் ஒரு அடி, அண்ணே விழுந்துரும், பெட்டி எனக்குத்தான்னு தெரியும். கையும் பரபரங்குது." வேலிப் படலைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே கீழ கெடக்கும். நான் அதத் தாண்டிப் போய்ப் பெட்டியத் தூக்கணும். எப்படி மதினி தூக்குறது?"

நான் கம்பை வேலியில் சாய்த்து வைத்தேன். இத்தனை வருஷமாக அந்த ஆளை நான் 'ஏன்யா', 'இந்தா' என்று கூப்பிட்டதோடு சரி.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "யாரு அங்க, இம்புட்டு நேரமா?"

"உங்க தம்பி வந்திருக்காரு," என்றேன். "எல போடப் போறேன். எந்திரிச்சு வாங்க." பிறகு வேலிப் படலைத் திறந்துவிட்டேன். "உள்ள வா தம்பி. சாப்பிட்டுப் போ."